உப்பு மாளிகையை இரண்டு முறை ஆடியவன்

அந்தச் சனிக்கிழமை மாலை உப்பு மாளிகை அறைக்குள் இருந்தவர்கள்: கொலைக்கதை ஆட்டக் கடையின் உரிமையாளரும் ஆட்டத்தை நடத்துபவளுமான கோங் பெய்லிங், ஹாட்பாட் என்னும் கொதிகுழம்புக்கான மசாலாக் கட்டி மொத்த வியாபாரி பாங் க்வோசாய், பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த தெங் யாச்சியூ, தொடக்கப் பள்ளிக் கணக்கு டீச்சர் ஷி ரூயுன், லிஃப்ட் மெக்கானிக் ரான் ஷௌவு. மூன்றாவது சுற்றுச் சீட்டுகளைப் புரட்டி முடித்து, கொலைகாரன் யார் என்று விரல் நீட்டியபோது கதவு தானாகப் பூட்டிக்கொண்டது. அது மறுபடி திறந்தபோது சீனாவின் சோங்சிங் நகரத்தில் இரண்டு புதிய மெட்ரோ பாதைகள் ஓடிக்கொண்டிருந்தன. தெங் யாச்சியூவுக்கு நிச்சயம் செய்திருந்த ஆளின் மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

கடை ஒரு மலைச்சரிவுக் கட்டடத்தில் இருந்தது; ஆற்றுப் பக்கத்திலிருந்து ஏறி வந்தால் பதினோராவது மாடி, பின்தெருவிலிருந்து வந்தால் தரைத்தளம். உப்பு மாளிகை அறையின் ஜன்னல் பின்தெருவைப் பார்த்தது. தெருவில் நடப்பவர்களின் இடுப்பு உயரத்துக்கு இருந்தது, கம்பி போட்டிருந்தது. அறைக்குள் பழைய காலத்துப் பணக்கார வீடு போல ஜோடித்திருந்தார்கள். அட்டையில் செய்த புத்தக அலமாரி, பிளாஸ்டிக் தாமரை விளக்கு, செத்துப்போன உப்பு வியாபாரியின் படம், அவர் உட்கார்ந்து செத்ததாகச் சொல்லப்படும் நாற்காலி. கொலைக்கதை ஆட்டம் நடத்தும் கடைகள் அந்தத் தெருவில் மட்டும் நாலைந்து இருந்தன. ஆளுக்கொரு சிறு புத்தகம் தருவார்கள், ஒரு வேஷத் துணி தருவார்கள். புத்தகத்தில் இருக்கும் ஆளாக உட்கார்ந்து, துப்புச் சீட்டுகளைச் சுற்றுச் சுற்றாகப் புரட்டி, மணிக்கணக்கில் பேசி, கொன்றது யார் என்று எல்லாரும் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ஆட்டம் நடத்துபவர் உண்மையை வாசிப்பார். மற்றக் கடைகளில் பெரும்பான்மை போதும். கோங் பெய்லிங் மட்டும் வேறு மாதிரி வைத்திருந்தாள். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் கதவில் முதுகைச் சாய்த்து நின்று சொல்வாள்: "என் கடையில நாலு விரலும் ஒரே ஆளைக் காட்டணும். மனசாரக் காட்டணும். இல்லேன்னா ஒருத்தரும் வீட்டுக்குப் போக முடியாது." எல்லாரும் சிரிப்பார்கள். வழக்கமாக யாராவது ஒருவருக்குப் பசிக்கும், விட்டுக்கொடுத்துவிடுவார், கதவு திறக்கும். அன்று யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கதவு அவள் சொன்னதை முதல்முறையாகக் காதில் போட்டுக்கொண்டது.

அந்தக் கதவின் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளும் இருந்தது. எதிர்ப்புறத்து மதுக்கடையிலிருந்து ஒருமுறை ஒரு குடிகாரன் ஆட்டத்தின் நடுவே நுழைந்து செத்தவரின் நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அதற்குப் பிறகு போட்ட தாழ்ப்பாள் அது. யாரும் அதைத் தொட்டதில்லை. அன்றும் அது திறந்தேதான் கிடந்தது. பூட்டியது தாழ்ப்பாள் அல்ல, கதவு.

மூன்று விரல்கள் ரான் ஷௌவுவைக் காட்டின. அவன் அந்த ஆட்டத்தில் டாக்டர். கறுப்புப் பை, காணாமல்போன மருந்துக் குப்பி, செத்தவரின் இரண்டாம் மனைவிமேல் ஆசை என்று எல்லாச் சீட்டுகளும் அவன் பக்கம்தான் சாய்ந்தன. இரண்டாம் மனைவி தெங் யாச்சியூ, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்தவள் ஷி ரூயுன், சமையல்காரன் பாங் க்வோசாய். ரானின் விரல் சமையல்காரனைக் காட்டியது.

"நான் சமையல்காரன்யா," என்றார் பாங். "வேளாவேளைக்குச் சோறு போட்டவன். என்னையா?"

"ஏன்னு சொல்லுங்க டாக்டர்," என்றாள் ஷி டீச்சர். "ஒரு சீட்டு காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும்."

"தோணுது," என்றான் ரான்.

"தோணுதா? உங்களுக்கு மொட்டை போட்டா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது," என்றாள் தெங். "போடட்டுமா?"

ரானால் சீட்டு காட்ட முடியவில்லை, ஏனென்றால் அவன் சீட்டைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. உப்பு மாளிகை என்ற அந்தக் கதையை அவன் ஏற்கெனவே ஆடியிருந்தான். முந்தைய ஆண்டு கம்பெனி அவனைப் பயிற்சிக்காகக் குய்யாங் நகரத்துக்கு அனுப்பியபோது, விடுதிக்குப் பக்கத்திலிருந்த கடையில் முன்பின் தெரியாதவர்களோடு ஆடினான். அன்று அவனுக்கு ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை. ஒருவன் அவன் முதுகில் தட்டி "அண்ணே, நீங்க பொய் சொல்ற அழகே அழகு" என்றான். ஒரு பெண் கேட்காமலே தன் பொட்டலத்திலிருந்து சூரியகாந்தி விதையை அவன் கையில் கொட்டினாள். நாற்பத்து மூன்று வயதுவரை யாரும் அவனிடம் அப்படிப் பேசியதில்லை. ஊர் திரும்பிய பிறகும் அந்த மாலை ஆறாத புண் மாதிரி உள்ளேயே இருந்தது. கைபேசியில் 'உப்பு மாளிகை, ஓர் ஆள் குறைகிறது, முதல்முறை ஆடுபவர் மட்டும்' என்ற கோங்கின் அறிவிப்பைப் பார்த்ததும் 'முதல்முறைதான்' என்று பதில் போட்டான்.

இந்தத் தொழிலில் அதைவிடக் கேவலம் கிடையாது. ஒரு கதையை ஒருவர் ஆயுளில் ஒருமுறைதான் ஆடலாம். முடிவு தெரிந்தவன் தெரியாதவர்களோடு உட்கார்ந்தால் அவர்களுடைய மாலையைத் தின்றுவிட்டான் என்று அர்த்தம். கடைக்காரர்கள் அப்படிப்பட்டவனை எச்சில் என்பார்கள். ஒரு கடையில் எச்சில் என்று பெயர் வந்தால் அந்த இரவே நகரத்தின் எல்லாக் கடைகளுக்கும் படத்தோடு போய்விடும். பிறகு எந்த மேசையிலும் உட்கார முடியாது. எச்சில்கள் பிடிபடாமல் இருக்க ஒரே வழி, வாயை மூடிக்கொண்டு பெரும்பான்மையோடு போவது. ரானும் அப்படித்தான் நினைத்து வந்தான். பெரும்பான்மை அவனையே கொலைகாரன் என்று சொல்லும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. தன் நெஞ்சைத் தானே காட்டிவிடலாம் என்று கையைத் தூக்கினான். தெரிந்ததை மறைக்க வாய்க்குத் தெரியும், விரலுக்குத் தெரியவில்லை. அது சமையல்காரன் பக்கம் போய் நின்றது.

பூட்டுத் திறப்பவன் வந்தான். அவன் சாவித் துளையில் கம்பியை விட்டான். கம்பி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பையிலிருந்த எல்லாக் கம்பியும் தீர்ந்த பிறகு காசு வாங்காமல் போய்விட்டான். தீயணைப்புக்காரர்கள் கதவை உடைத்தார்கள். உடைந்த கதவுக்குப் பின்னால் அதே கதவு இருந்தது. சுவரை இடித்தார்கள், பின்னால் அதே சுவர். ஜன்னல் கம்பியை அறுத்தார்கள். அந்த ஓட்டை வழியே அரிசி மூட்டை போனது, தெருப் பூனை போனது, மின்விசிறி போனது. மனிதத் தலை மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் போகவில்லை. கம்பியைத் திரும்ப ஒட்டவைத்துவிட்டு, கீழ்ப்பகுதியில் மட்டும் சாமான் வாங்க இடம் விட்டார்கள். கோங் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். கொன்றவன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தபோது கெட்டில் கொதிக்கும் சத்தம் வந்தது. எழுதிக் காட்டப் பார்த்தாள்; பேனா தாளைக் கிழித்தது. அவளுடைய கையேட்டின் கடைசிப் பக்கங்கள் நனைந்த அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டன. ஆளுக்கொன்றாகக் கொடுத்திருந்த புத்தகங்களில் கடைசி அத்தியாயத்தைச் சிவப்புக் காகிதம் ஒட்டி மூடியிருந்தார்கள், தீர்ப்புக்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும். அந்தக் காகிதத்தில் கத்தி வழுக்கியது.

பேசிவைத்து ஏமாற்றவும் பார்த்தார்கள். எல்லாரும் டாக்டரைக் காட்டினார்கள், ரானும் சேர்ந்து, இடது கையால் வலது கையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி. கதவு அசையவில்லை. எல்லாரும் சமையல்காரனைக் காட்டினார்கள். அசையவில்லை. செத்தவரின் படத்தைக்கூடக் காட்டினார்கள். தாமரை விளக்கு ஒருமுறை மினுக்கிவிட்டு நின்றது. நம்பாமல் நீட்டிய விரலைக் கதவு எண்ணவில்லை. ஆக, டாக்டர்தான் கொலைகாரன் என்று மற்ற மூவரும் நம்பினார்கள், சமையல்காரன்தான் என்று ரான் அறிந்திருந்தான். 'நான் இதை ஏற்கெனவே ஆடியிருக்கேன்' என்று அவன் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் முதல் வாரமே எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த வாக்கியம் அவன் வாயில் கெட்டில் ஆகவில்லை. அவன்தான் சொல்லவில்லை.

முதல் குளிர்காலம் கேவலமாகப் போனது. தெங்குக்கு நிச்சயித்தவன் தினமும் ஜன்னலுக்கு வந்தான், பிறகு வாரம் ஒருமுறை, பிறகு குடை பிடித்துக்கொண்டு இன்னொரு பெண்ணோடு வந்து மன்னிப்புக் கேட்டான். தெங் அவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "கடவாய்ப் பல்லு சொத்தை, அதையாவது பாத்துக்க" என்று அனுப்பிவிட்டாள். அன்று மாலை அவள் ரானின் மருத்துவர் அங்கியில் மிளகாய் எண்ணெயை ஊற்றினாள். பாங்கின் மனைவி மசாலாக் கட்டிகளைக் கம்பிக்கு அடியில் தள்ளும்போதெல்லாம், கடை அவர் இல்லாமல் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவாள். இரண்டாம் ஆண்டு விவாகரத்துக் காகிதத்தைத் தள்ளினாள். அவர் அதிலேயே குழம்புக் கரண்டியை வைத்துவிட்டு, பிறகு துடைத்துக் கையெழுத்துப் போட்டார். ஷி டீச்சரின் வேலை போயிற்று. கோங்கின் தம்பி கடையின் மற்ற அறைகளை நடத்தினான். அக்காவைப் பார்க்க வருபவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கினான், அதில் அக்காவுக்குப் பங்கு தரவில்லை. இத்தனைக்கும் காரணம் யார் என்று அறையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. விடை தெரிந்த கோங்கும், ஒரு காரணம்கூடச் சொல்லி மற்றவர்களை நம்பவைக்காத அவனையே குறைசொன்னாள்.

தினமும் காலையில் நூடுல்ஸ் சாப்பிட்ட பிறகு விரல் நீட்டினார்கள். மூன்று விரல் டாக்டருக்கு, ஒன்று சமையல்காரனுக்கு. உடனே வசவு ஆரம்பமாகும். அறைக்குள் யாரும் யாரையும் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ஆட்டம் முடியும்வரை கதையின் பெயர்தான், இது எல்லாக் கடைகளிலும் உள்ள வழக்கம். சொந்தப் பெயரைச் சொன்னால் அந்த ஆள் ஆட்டத்தில் இல்லை என்று அர்த்தம். அதனால் அவன் டாக்டர்தான்.

"டாக்டர், சட்டியப் பாத்தே சாப்பிடுங்க. எங்க மூஞ்சியப் பாக்காதீங்க, வாந்தி வருது."

"சின்னம்மா, அவருக்கு மாட்டுக் குடல் போடாதீங்க. கொலைகாரனுக்கு எலும்பு போதும்."

"எலும்பு எதுக்கு? நாய்க்குப் போட்டாலாவது வாலாட்டும்."

சின்னம்மா என்பது தெங். ஹாட்பாட் சட்டி மேசை நடுவில் கொதிக்கும்; ஐந்து பேரின் குச்சியும் அதே சட்டிக்குள்தான் போகவேண்டும். ரானின் குச்சி உள்ளே போனால் மற்ற நால்வரும் தங்கள் குச்சியைத் தூக்கிக்கொள்வார்கள். அவன் எடுத்த பிறகு திரும்ப விடுவார்கள். நல்ல துண்டெல்லாம் முடிந்த பிறகு அடியில் கிடக்கும் மிளகும் முட்டைக்கோஸ் தண்டும் அவனுக்கு. அவன் படுக்கை செத்தவரின் நாற்காலிக்குக் கீழே.

ரானைப் பார்க்க வெளியிலிருந்து வந்தது ஒரே ஓர் ஆள்தான், அவன் வாடகைக்கு இருந்த அறையின் சொந்தக்காரர். ஒரு போர்வை, ஒரு வாணலி, ஒரு கருவிப் பெட்டி, எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து கம்பிக்கு அடியில் தள்ளிவிட்டு, சாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். கருவிப் பெட்டி வந்த பிறகு அறையில் எது பழுதானாலும் அவன்தான் பார்த்தான். மின்விசிறி, அடுப்பு, அறையோடு ஒட்டிய கழிவறையின் தொட்டி, அலமாரிக்குப் பின்னால் போட்ட தடுப்பு. நன்றி சொன்னவர் கிடையாது. "டாக்டர், ஃபேன்!" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேறு வேலை இல்லாத நாட்களில் அவன் கதவுக் கீல்களுக்கும் அந்தத் தாழ்ப்பாளுக்கும் எண்ணெய் போட்டான். பெட்டியிலிருந்த கிரீஸ் தீர்ந்ததும் பாங்கின் மசாலாக் கட்டியிலிருந்து மாட்டுக்கொழுப்பைச் சுரண்டிப் போட்டான். இரும்பு என்றால் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், பயன்படுகிறதோ இல்லையோ. தொழில் பழக்கம்.

முதல் குளிர்காலத்தில் அவன் பயத்தால் சொல்லாமல் இருந்தான். படம் எல்லாக் கடைகளுக்கும் போய்விடும், எந்த மேசையும் கிடைக்காது. அந்தப் பயம் எப்போது போயிற்று என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டாவது வசந்தத்தில் ஒரு காலை, விரல் நீட்டல் முடிந்து நால்வரும் அவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, இது அவனுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டுகொண்டான். அவனைத் திட்டுவதற்காகவாவது நாலு பேர் கண்விழித்தார்கள். வெளியே அவன் ஏழு கட்டடங்களின் லிஃப்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அதில் ஏறி இறங்கியவர்களில் ஒருவரும் அவனைக் கெட்ட வார்த்தையால்கூடக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு இவர்கள் வேண்டும். அன்பாக வேண்டும் என்றெல்லாம் இல்லை, இப்படியே வேண்டும். வாக்கியத்தைச் சொன்னால் இவர்கள் போய்விடுவார்கள். ஆகவே அவன் அவர்களைப் பூட்டி வைத்திருந்தான், ஒவ்வொரு காலையும், ஒரு விரலால், தெரிந்தே. அதற்காக வருத்தப்படவில்லை.

ஆண்டுகள் போயின. தெரு பழகிக்கொண்டது. ஜன்னலுக்கடியில் ஒரு தட்டு அடித்தார்கள், உணவு கொண்டுவரும் பையன்களின் வரைபடத்தில் 'உப்பு மாளிகை ஜன்னல்' என்று ஒரு புள்ளி வந்தது. ஷி டீச்சர் சாயங்காலங்களில் ஜன்னலோரம் நின்று கணக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பள்ளியில் அவளுக்குக் கிடைக்காத மரியாதை அந்தப் படிக்கட்டில் கிடைத்தது. பல்வலிக்காரர்கள் வாயைக் கம்பியோரம் வைத்துத் தெங்கிடம் காட்டினார்கள். அவள் இடுக்கியால் பிடுங்குவாள், வலித்ததா என்று கேட்கமாட்டாள், கூட்டம் அதற்காகவே வந்தது. பாங்கும் கோங்கும் அட்டை அலமாரிக்குப் பின்னால் ஒன்றாகத் தூங்க ஆரம்பித்தார்கள். மறுநாள் தெங் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட்டுக் கேலி செய்தாள், அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. மற்றக் கடைகளின் கதைகளைத் தம்பி ஜன்னல் வழியே தள்ளுவான், நால்வரும் அவற்றை ஆடுவார்கள். அந்த ஆட்டங்களில் ரானைச் சேர்க்கவில்லை. அவன் நாற்காலிக்கடியில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பான். அவர்கள் ஒரே பக்கம் சாய்ந்து பேசுவார்கள், ஒருவர் ஆரம்பித்த வாக்கியத்தை மற்றவர் முடிப்பார். நாலு பேரையும் அப்படி ஒட்டவைத்தது அவன்மேல் இருந்த வெறுப்புதான். இதையும் அவன் கவனித்தான். இது எங்கே கொண்டுபோய் விடும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

கதவு திறந்தது ஓர் ஆகஸ்ட் மதியம். நகரம் முழுவதும் மின்சாரம் நின்றிருந்தது. ஆற்றுப் பக்கத்துப் படிக்கட்டுகளில் அடுப்பு மாதிரி அனல் அடித்தது. விசிறி நின்றுபோன அறையில் ஐந்து பேரும் குளிர்ந்த நூடுல்ஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாங் வழக்கம்போல வெள்ளைக் கையுறைகளோடு சாப்பிட்டார். அவை சமையல்காரன் வேஷத்தோடு வந்தவை. ஜோடனைக்காகக் கொடுத்தவை என்று முதல்நாள் எல்லாரும் நினைத்தார்கள். இத்தனை ஆண்டுகளாக அவர் அவற்றால்தான் சூடான சட்டியைப் பிடித்தார். தெங்கின் பழைய ஆள் காலையில் தன் மகளை ஜன்னலுக்குக் கூட்டிவந்து முதல் பல் ஆடுவதைக் காட்டிவிட்டுப் போயிருந்தான். அதனால் தெங் யாரையாவது கடிக்கக் காத்திருந்தாள்.

"டாக்டர், உங்களப் பாக்க யாரும் வரலியா இன்னைக்கு?"

"அவருக்கு யாரு வருவா சின்னம்மா," என்றார் பாங். "சாக்கு வந்தது ஒரு நாளு. அதையும் ஆளு திருப்பி வாங்கிட்டுப் போயிட்டான்."

கோங் சிரித்தாள். ஷி டீச்சர்கூடச் சிரித்தாள். வழக்கமான சிரிப்புதான். ஆனால் சாக்கைப் பற்றி யாரும் இதுவரை பேசியதில்லை. அது ஒன்று மட்டும் யார் கண்ணிலும் படவில்லை என்று ரான் நம்பிக்கொண்டிருந்தான்.

"நீ பேசாத," என்றான். குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. "இடது கைத் தழும்ப மறைக்கத்தானே அந்த உறையப் போட்டிருக்க? வெந்நீர்ல வெந்த தழும்பு. உப்பு வியாபாரி ஊத்தினது. நீ யாரைப் பாத்துச் சிரிக்கிற?"

பாங் கையுறையைக் கழற்றித் தன் இடது கையைப் பார்த்தார். "தழும்பா? எனக்கு ஏதுய்யா?"

"உனக்கில்ல. சமையல்காரனுக்கு."

தெருவில் ஐஸ் விற்பவன் கடந்து போனான். அவன் மணிச் சத்தம் தேய்ந்து ஓய்ந்தது. ஷி டீச்சர் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் குறுக்காக வைத்தாள்.

"டாக்டர், அது எந்தச் சீட்டுல இருக்கு?"

ரான் தன் கிண்ணத்து நூடுல்ஸைக் கிளறினான்.

"எல்லாச் சீட்டும் எனக்கு மனப்பாடம். தழும்பு எதுலயும் இல்ல. பெரியப்பா, உங்க புத்தகத்துல இருக்கா?"

"பிரிச்ச பக்கம் வரைக்கும் இல்ல."

"அப்ப ஒட்டின பக்கத்துல இருக்கும்." அவள் ரானைப் பார்த்தாள், தவறான விடை எழுதிய பிள்ளையைப் பார்ப்பது போல, பொறுமையாக. "எங்க ஆடினீங்க?"

"குய்யாங்ல," என்றான் ரான்.

"எப்ப?"

"இங்க வர்றதுக்கு முந்தின வருஷம்."

தெங் எழுந்தாள். அடிக்கப் போகிறாள் என்று ரான் நினைத்தான், முகத்தைக் கொடுத்தான். அவள் அவனைத் தொடவில்லை. மெதுவாகத் திரும்பி பாங்கை நோக்கி விரலை நீட்டினாள். ஷி டீச்சரும் நீட்டினாள். பாங் உறை போட்ட வலது கையால் தன் நெஞ்சையே காட்டினார், "அடப்பாவி, நான்தானா" என்றார், அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ரானின் விரல் அங்கே எப்போதோ போய் நின்றிருந்தது. கதவு 'டக்' என்றது. தானாக ஒரு சாண் திறந்தது. நடைபாதையிலிருந்து யாரோ மிளகாய் வறுக்கும் நெடி உள்ளே வந்தது.

யாரும் கதவைப் பார்க்கவில்லை. கோங்கின் கையேடு மேசைமேல் படபடவென்று பிரிந்துகொண்டது. அவள் தொண்டையைச் செருமிப் பார்த்தாள். கெட்டில் சத்தம் வரவில்லை. தீர்ப்பு வந்தால் உண்மையை வாசிக்க வேண்டும், அது ஆட்டம் நடத்துபவளின் கடமை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். சமையல்காரன் சிறுவயதில் அந்த வீட்டில் பட்ட பாடு, கொதிநீர், தேநீரில் கலந்தது, டாக்டரின் குப்பியைத் திருடிய விதம். கதவு திறந்து கிடக்க, ஐந்து பேரும் மேசையைச் சுற்றி முன்னால் சாய்ந்து கேட்டார்கள். இத்தனை ஆண்டு காத்திருந்த கதை. தெங் அழுதாள். பாங் தொடையில் தட்டி, "கையுறை! தினமும் மூக்குக்கு முன்னாடி ஆட்டிக்கிட்டு இருந்திருக்கேன்!" என்றார். சிரிப்பு வந்த இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், ரானும் சிரித்தான், ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. கடைசி வரி எது என்று அவனுக்குத் தெரியும். அது வராமல் இருக்கட்டும் என்று நினைத்தான். வந்தது.

கோங் கையேட்டை மூடினாள்.

"ரான் ஷௌவு," என்றாள். "எந்திரி."

அறையில் அந்தப் பெயர் அதற்கு முன் ஒலித்ததில்லை. அவன் எழுந்தான்.

"அங்கியக் கழட்டு. அது கடையோடது."

மிளகாய்க் கறை படிந்த அங்கியைக் கழற்றி நாற்காலிமேல் போட்டான். உள்ளே போட்டிருந்த லிஃப்ட் கம்பெனிச் சட்டை சாயம் போயிருந்தது. ஷி டீச்சர் அவன் போர்வையையும் வாணலியையும் கொண்டுவந்து கொடுத்தாள். கருவிப் பெட்டியைப் பாங் எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். "இது இருக்கட்டும். ஃபேன் இருக்குல்ல."

"திட்டுங்க," என்றான் ரான்.

"எதுக்கு?" என்றாள் தெங். "நீதான் கொலைகாரன் இல்லியே."

"கதவு திறந்திருக்கு. நீங்களும் போகலாம்."

நால்வரும் அப்போதுதான் அந்த இடைவெளியைப் பார்த்தார்கள். நடைபாதையில் ஒரு பழைய சைக்கிள், ஒரு தண்ணீர்க் கேன், சுவரில் புதிதாக யாரோ ஒட்டிய விளம்பரம்.

"எங்க போறது?" என்றார் பாங். "எம் பொண்டாட்டி கடைக்கா?"

"நாலரைக்குப் பிள்ளைங்க வந்துரும்," என்றாள் ஷி டீச்சர்.

"வெளிய இப்ப நீ இருக்கப் போற," என்றாள் தெங். "அங்க எதுக்கு நான்?"

மறுநாள் ஜன்னல் தட்டில் ஐந்து கிண்ணம் வந்தபோது ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார்கள், அன்றிலிருந்து நாலு வந்தது. காவல் நிலையத்திலிருந்து ஒருவர் வந்து, கதவு பூட்டியிருக்கிறதா என்று ஜன்னலில் கேட்டார். பூட்டியிருக்கிறது என்றார்கள். யார் பூட்டியது என்றார். நாங்கதான் என்றார்கள். வெயிலில் அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோங் டாக்டரின் இடத்தில் உட்கார்ந்தாள். ஆட்டத்தை இனி முறை வைத்து நடத்திக்கொண்டார்கள். தெரு அதைத் தக்காளி விலை ஏறியதைப் போல எடுத்துக்கொண்டது, இரண்டு நாள் பேசியது. ரானின் படம் எல்லாக் கடைகளுக்கும் போயிருந்தது. லிஃப்ட் வேலை அவனுக்குத் திரும்பக் கிடைத்தது, அந்தக் கட்டடத்து லிஃப்ட்டும் அவன் பொறுப்பில் வந்தது. பதினோராவது மாடியில் பெட்டி நிற்கும்போது அவன் வெளியே இறங்காமலே பார்த்துவிட்டுப் போனான்.

ஆனால் அது பிறகு. அந்த மதியம் அவன் போர்வையை இடுக்கிக்கொண்டு நடைபாதைக்கு வந்து திரும்பி நின்றான். கடைசியாக ஒரு வசவாவது வரும் என்று நின்றான். கதவுக்குப் பின்னால் தெங் ஏதோ சொன்னாள், பாங் சிரித்தார், யாரோ சீட்டுகளை அடுக்கி மேசையில் தட்டினார்கள். பிறகு கோங் வந்து கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைத் தள்ளினாள். ஒருநாளும் ஒருவரும் போடாத தாழ்ப்பாள் அது. சத்தமே இல்லாமல் போய் விழுந்தது. அவன் போட்ட கொழுப்பு.